“நான் யாருடைய பிள்ளை?”

பேராதனையில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடும்பம். எந்த வீதி, எந்த வீடு என்று எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பத்தின் தகப்பன் மௌத்தாகி, தாய் இத்தா முடித்து வெளியே வந்த நாட்களில் நடந்தது இது. ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படித்துக் கொண்டிருந்தாள். வாப்பா உயிரோடிருக்கும்போதே கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மூன்று மாதத்தில் நிக்காஹ்வைச் சுருக்கமாக முடித்து விடுவோம் என்று மாப்பிள்ளை வீட்டாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஒருநாள் மௌத்தானவரின் தம்பி வந்திருந்தார். நல்ல மனிதர். ஐவேளை தொழுபவர். அவர் தன் மதினியிடம் தாழ்ந்த குரலில், “மதினி, நிக்காஹ்வுக்கு நான் வலீயாக நிற்க ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே” என்றார். தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்ற மகளின் காதில் அது விழுந்து விட்டது.

அந்தப் பிள்ளை இவர்கள் பெற்ற பிள்ளை அல்ல. உம்மாவின் தங்கை பெற்றது. பிறந்து நாற்பதாம் நாள், பிள்ளையில்லாத ராத்தாவின் மடியில் தங்கை கொண்டு வந்து வைத்த பிள்ளை. இருபத்து நான்கு வருடமாக அவள் “சாச்சி” என்று அழைத்து வந்தவள்தான் அவளைப் பெற்ற தாய்.

இரண்டு நாள் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ‘ஏன் எனக்குச் சொல்லவில்லை’ என்று கேட்பாள் என்று நினைத்துக் கொண்டு போனேன். அவள் கேட்டது வேறு.

“மாமி, வாப்பாவுக்காக அழ எனக்கு ஹக்கு ஈக்கா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்து பிறந்ததுதான்.

கண்டியில் எழுந்த முதல் கேள்வி

அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க என் அலுமாரியில் ஒரு புத்தகம் தேடினேன். கையில் பட்டது ‘அசன்பே சரித்திரம்’. அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கே உறைத்தது. நம் நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று பரவலாகச் சொல்லப்படும் இந்தக் கதை, இதே கேள்வியைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது!

இதை எழுதியவர் நம்மூர்க்காரர். கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் எம்.ஸி. சித்திலெவ்வை அவர்கள். சட்டத்தரணியாக நன்றாகச் சம்பாதித்தவர். அந்தத் தொழிலை விட்டு விட்டுச் சமுதாயத்தின் கல்விக்காகக் கைக்காசைக் கரைத்தவர். 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். கண்டி திருகோணமலை வீதியில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை நடத்தி, அதைக் கவனிக்கும் பொறுப்பைத் தம் சகோதரியிடமே கொடுத்தவர். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று கேட்ட காலம் அது. கொழும்பு மருதானையில் 1892இல் அவர் முன்நின்று தொடங்கிய மதரஸாதான் பிறகு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. 1898இல் மௌத்தானார். 1977இல் அரசு அவருக்கு முத்திரை வெளியிட்டது. பாடப் புத்தகத்தில் இவ்வளவும் படித்திருக்கிறோம். ஆனால் 1885இல் அவர் வெளியிட்ட நாவலை நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்?

கதை இதுதான். எகிப்தின் காயிரோ நகரில் ஓர் உயர்குடும்பத்தில் பிறக்கிறான் அசன். விவரம் தெரியாத வயதிலேயே கடத்தப்படுகிறான். கடல் கடந்து பம்பாய்க்கு வருகிறான். தான் யார், தன் தாய் தகப்பன் யார் என்று தெரியாமலே வளர்கிறான். அங்கிருந்து கல்கத்தா போய், ஓர் ஆங்கிலேயரின் ஆதரவில் படித்து ஆளாகிறான். எத்தனையோ சூழ்ச்சிகளையும் ஆபத்துகளையும் தாண்டி, கடைசியில் தன் பிறப்பை அறிந்து, பெற்றோரைச் சேர்ந்து, ‘பே’ என்ற பட்டமும் பெறுகிறான்.

இன்றைய கண்ணால் பார்த்தால் திடீர்த் திருப்பங்கள் அதிகம்தான். நல்லவன் முழுக்க நல்லவன், கெட்டவன் முழுக்கக் கெட்டவன். பழைய நடை. ஆனால் கண்டியிலிருந்த ஒருவருக்கு எகிப்தில் கதையைத் தொடங்க ஏன் தோன்றியது? ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து தோற்ற எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவும் தோழர்களும் 1883 ஜனவரியில் நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தார்கள். சித்திலெவ்வை அவர்களுக்கு நெருங்கிய நண்பரானார். பாஷா பிற்காலத்தில் கண்டியிலேயே வாழ்ந்தார். அவர் இருந்த வீடு இன்றும் நினைவகமாக நிற்கிறது. தம் மண்ணை விட்டுப் பிரிக்கப்பட்டவர்களின் துயரத்தைக் கண்ணால் பார்த்த இரண்டு வருடத்தில், பிறந்த மண்ணிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளையின் கதையை எழுதுகிறார் சித்திலெவ்வை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நூறு வருடத்துக்குப் பின் இன்னொரு கதீஜா

அசனின் கதை ஆண்பிள்ளையின் கதை. அவன் கப்பலேறலாம், ஊர் ஊராகப் போகலாம், வாளெடுக்கலாம். ஒரு பெண்பிள்ளைக்கு இந்த உண்மை வீட்டுக்குள் தெரிய வந்தால்?

அதையும் நம் நாட்டுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். கொழும்பைச் சேர்ந்த அமீனா ஹுஸைன் ஆங்கிலத்தில் எழுதி 2009இல் வெளிவந்த நாவலின் பெயரைத் தமிழில் ‘தண்ணீரில் நிலா’ என்று சொல்லலாம். அதன் நாயகி கதீஜா ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் வாழ்கிறாள். தகப்பனின் மரணத்துக்காக ஊர் திரும்பியபோதுதான், தான் அந்த வீட்டில் பிறந்தவளல்ல, வளர்க்கப்பட்டவள் என்பது தெரிய வருகிறது. தகப்பனை இழந்த துயரத்தோடு, ‘அவர் என் தகப்பன்தானா’ என்ற துயரமும் சேர்ந்து கொள்கிறது.

மௌத்து வீட்டில்தான் இந்த உண்மைகள் வெளிவருகின்றன என்பதைக் கவனித்தீர்களா? காரணம் உண்டு. ஒருவர் மௌத்தானால் வாரிசு யார் என்ற கேள்வி வரும். பத்திரங்கள் வெளியே வரும். கலியாணம் என்றால் வலீ யார் என்ற கேள்வி வரும். நாம் இருபது வருடம் மூடி வைத்ததை மார்க்கமும் சட்டமும் ஒரே நாளில் திறந்து காட்டி விடும். அதுவும் துக்கம் நெஞ்சை அடைத்துக் கொண்டிருக்கும் நாளில்!

கொரியாவிலும் இதே கண்ணீர்

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. தென்கொரியாவைப் பாருங்கள். குடும்பப் பெயரும் இரத்த வழியும் அங்கே உயிருக்குச் சமம். வீட்டின் தலைவன் ஆண்தான் என்று குடும்பப் பதிவேட்டிலேயே எழுதும் முறை 2008 வரை சட்டமாக இருந்தது. கலியாணமாகாமல் தாயான பெண்ணுக்கு அந்தச் சமூகத்தில் இடமில்லை. அவள் பெற்ற பிள்ளைக்கும் பெயரில்லை. 1950களின் போருக்குப் பிறகு தொடங்கி ஏறத்தாழ இரண்டு இலட்சம் கொரியப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தத்துப் பிள்ளைகளாக அனுப்பப்பட்டார்கள். தாய் உயிரோடிருக்க, ‘அநாதை’ என்று பத்திரத்தில் எழுதி அனுப்பியதும் உண்டு. அந்த நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2025 மார்ச்சில், பத்திரங்கள் மாற்றப்பட்டதையும் அதில் அரசின் பொறுப்பையும் ஒப்புக் கொண்டது. அந்தப் பிள்ளைகள் இன்று நரைத்த தலையோடு சியோல் நகரில் இறங்கி, மொழி தெரியாமல் தாயைத் தேடுகிறார்கள்.

‘கொரியா எங்கோ இருக்கிறது’ என்று நினைக்க வேண்டாம். நம் இலங்கையிலிருந்து மட்டும் 1970களிலும் 80களிலும் சுமார் 11,000 பிள்ளைகள் ஐரோப்பிய வீடுகளுக்குப் போயின. நெதர்லாந்துத் தொலைக்காட்சி 2017இல் வெளிக்கொணர்ந்த செய்திகள் நெஞ்சைப் பிளப்பவை. பெற்ற தாய் என்று சொல்லிக் கையெழுத்திட, கூலிக்கு வேறொரு பெண்ணைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பிள்ளை மௌத்தாகி விட்டது என்று தாயிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். 2021இல் நெதர்லாந்து அரசு ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கையைப் பார்த்து, வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. அப்படிப் போன பிள்ளைகள் இன்று பெரியவர்களாகி இங்கே வருகிறார்கள். கையில் இருக்கும் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயரே பொய் என்றால், எந்தக் கதவைத் தட்டுவது?

நம் வீடுகளில் யாரும் பிள்ளையை விற்கவில்லை. அன்பினால் கொடுக்கிறோம், அன்பினால் எடுக்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தில் நாமும் அவர்களும் ஒன்று. பெரியவர்களின் மானத்துக்காகப் பிள்ளையின் உண்மையை மறைக்கிறோம்.

யாருக்காக மறைக்கிறோம்?

உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளையில்லாத பெண்ணை நம் ஊரில் எப்படி நடத்துகிறோம்? கலியாணமாகி இரண்டாம் பெருநாள் வருவதற்குள் கேள்வி தொடங்கி விடும். “என்ன, விசேஷம் ஒன்றுமில்லையா?” சுன்னத்து வீட்டில், பிள்ளைப்பேற்று வீட்டில் அவளை ஒதுக்கி வைக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். குறை யாரிடம் என்று டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அவளிடம்தான் என்று மாமியார் முடிவு செய்து விடுவாள். மகனுக்கு இரண்டாம் பேச்சும் மெல்ல எழும்.

இதற்கெல்லாம் பயந்துதான் அந்தப் பெண் ஒரு பிள்ளையை எடுத்ததும், அது தான் பெற்ற பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அயலவர் வாயை அடைக்கிறாள். உறவினரிடம் சத்தியம் வாங்குகிறாள். சில வீடுகளில் பிறப்புப் பதிவிலேயே பெயரை மாற்றி விடுகிறார்கள். எங்கள் அயல் வீட்டு உம்மா என்னிடம் அழுது கொண்டே சொன்னது: “நான் அவளுக்குப் பொய் சொல்லல்ல. ஊருக்குத்தான் பொய் சொன்னேன். அவள் அந்த ஊருக்குள்ள ஈந்துட்டாள்.”

மார்க்கம் என்ன சொல்கிறது?

பிள்ளையை வளர்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. அநாதையை வளர்ப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன நன்மாராயம் நமக்குத் தெரியும். தடுப்பது ஒன்றைத்தான்: பிள்ளையின் வமிசத்தை மாற்றுவதை. ஸூரத்துல் அஹ்ஸாப் 5ஆம் வசனம், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தகப்பன்மாரின் பெயரைக் கொண்டே அழைக்கும்படி கட்டளையிடுகிறது. தகப்பன் யாரென்று தெரியாவிட்டால்? அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்கிறது. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையையும் உறவில்லாமல் விடவில்லை மார்க்கம்.

இந்தச் சட்டத்தோடு சேர்ந்த ஸைத் பின் ஹாரிஸா (ரழி) அவர்களின் கதையை நினைத்துப் பாருங்கள். சிறு பிள்ளையாகக் கடத்தப்பட்டு, சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா நாயகியாரின் வீட்டுக்கு வந்தவர். நபியவர்களின் வீட்டில் வளர்ந்தவர். மகனைக் காணாமல் அழுது திரிந்த தகப்பன் ஹாரிஸா, தகவல் கிடைத்து மக்காவுக்கு ஓடி வந்தார். நபியவர்கள் மறைக்கவில்லை, மறுக்கவுமில்லை. முடிவை ஸைதிடமே விட்டார்கள். ஸைத் நபியவர்களோடு இருக்கவே விரும்பினார். அதன்பின் மக்கள் அவரை ‘முஹம்மதின் மகன் ஸைத்’ என்று அழைத்தார்கள். வசனம் இறங்கியதும் மறுபடி ‘ஹாரிஸாவின் மகன் ஸைத்’ ஆனார். பெயர் மாறியது. நபியவர்கள் அவர் மீது வைத்த அன்பு மாறியதா? இல்லையே! ஸஹாபாக்களில் குர்ஆனில் பெயர் வந்த ஒரே மனிதர் அவர்தான்.

பெற்றவளின் மனத்தையும் குர்ஆன் மறக்கவில்லை. குழந்தை மூஸா (அலை) அவர்களை ஆற்றில் விட்ட தாயின் உள்ளம் வெறுமையாகி விட்டதை ஸூரத்துல் கஸஸ் சொல்கிறது. யூஸுப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதை ஸூரா யூஸுப் சொல்கிறது. பிள்ளையைக் கொடுத்தவளின் துக்கம் குறைந்த ஈமானின் அடையாளம் அல்ல. எங்கள் அயல் வீட்டுச் சாச்சி இருபத்து நான்கு வருடம் தன் பிள்ளையைப் பெருநாளுக்குப் பெருநாள் பார்த்து, இனிப்புக் கொடுத்து, பஸ்ஸேறித் திரும்பிப் போனாள். அவள் என்ன நினைத்துக் கொண்டு போனாள் என்று யாராவது கேட்டிருப்போமா?

வீட்டுப் பெண்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். பிள்ளை எடுத்து வளர்க்கும் சகோதரிகளும், எடுக்க நினைப்பவர்களும் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்து கொள்வது நல்லது.

வாரிசு: ஷரீஅத்தின்படி வளர்ப்புப் பிள்ளை வாரிசாகாது. நம் நாட்டில் தத்தெடுப்புக்கு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமும், முஸ்லிம்களின் சொத்துப் பங்கீட்டுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. இதற்காகப் பிள்ளையை வெறுங்கையோடு விட வேண்டியதில்லை. உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். சொத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் வஸிய்யத் எழுதலாம். ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளிப் போடுகிற தகப்பன்மாருக்கு மௌத்து சொல்லிக் கொண்டு வராது. சட்டம் தெரிந்தவரையும் ஆலிமையும் சேர்த்தே விசாரித்து எழுதி வையுங்கள்.

நிக்காஹ்: பெண்ணுக்கு வலீ, பெற்ற தகப்பனும் அவர் வழி உறவினருமே. வளர்த்தவர் எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் வலீயாக மாட்டார். அப்படி யாரும் இல்லாத பிள்ளைக்குக் காதியார் மூலம் வழியுண்டு. இதைக் கலியாண வாரத்தில் தேடக் கூடாது.

பால்குடி உறவு: இரண்டு வயதுக்குள் பால் கொடுத்தால் மஹ்ரம் உறவு உண்டாகும். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஐந்து முறை நிறைவாகக் கொடுத்திருக்க வேண்டும். எடுக்கும் பிள்ளை பெண்ணாக இருந்து, வளர்க்கும் தகப்பனின் சகோதரி பால் கொடுத்தால், அவர் அந்தப் பிள்ளைக்குப் பால்குடி மாமாவாகி விடுவார். பிள்ளை வளர்ந்த பின் வீட்டில் ஏற்படும் சங்கடங்கள் பல தீரும். நம் மூத்தம்மாமார் இதை அறிந்துதான் செய்து வந்தார்கள். நாம்தான் மறந்து விட்டோம்.

பத்திரம்: பிறப்புப் பதிவில் பொய்ப் பெயர் எழுத வேண்டாம். இன்று மறைக்க உதவும் அந்தக் காகிதம், நாளை பிள்ளைக்கு வேர் தேடும் வழியை அடைத்து விடும். ஐரோப்பாவிலிருந்து வந்து அழுபவர்களிடம் கேட்டால் தெரியும்.

எப்போது சொல்வது?: பிள்ளைக்குக் கதை கேட்கும் வயது வந்ததுமே சொல்லத் தொடங்குங்கள். “சாச்சி வயிற்றில் இருந்தாய், என் மடிக்கு வந்தாய்” என்று மடியில் வைத்துச் சொன்னால் அது தாலாட்டு. இருபது வயதில் இன்னொருவர் வாயால் கேட்டால் அது இடி. ஒருமுறை சொல்லி முடித்து விடும் விஷயமுமல்ல இது. வயதுக்கு வயது பிள்ளை புதிதாகக் கேட்கும். அப்போதெல்லாம் பதில் வேண்டும். கோபத்தில் மட்டும் “பெற்றவளைப் போலவே இருக்கிறாய்” என்று சொல்லி விடாதீர்கள்!

அவள் கேட்ட கேள்விக்கு

அந்தப் பிள்ளைக்கு நான் ‘அசன்பே சரித்திரம்’ கொடுத்தேன். ஒரு கிழமையில் திருப்பித் தந்தாள். “அசனுக்கு ஒரு வீடு போய் இன்னொரு வீடு கிடைக்குது, மாமி. எனக்கு ரெண்டும் ஒரே ஊரில ஈக்கி” என்றாள். பிறகு சிரித்தாள். இரண்டு மாதத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு.

நிக்காஹ் நடந்தது. சாச்சியின் கணவர், அவளைப் பெற்ற தகப்பன், வலீயாக இருந்து கையெழுத்திட்டார். மனிதருக்குக் கை நடுங்கியது. பெண் அறையில் அவளுக்கு ஒரு பக்கம் வளர்த்த உம்மா, மறுபக்கம் சாச்சி. “சாச்சி” என்று அழைப்பதை அவள் மாற்றவில்லை. சாச்சியும் கேட்கவில்லை. சாச்சியின் மற்றப் பிள்ளைகள், நேற்றுவரை மச்சி என்றவர்கள், இன்று என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். அதற்கு இன்னும் காலமெடுக்கும்.

வாப்பாவுக்காக அழ அவளுக்கு ஹக்கு இருக்கிறதா? அன்று சொல்லத் தெரியாததைப் பிறகு அவளிடம் சொன்னேன். “மகள், வாரிசுப் பங்கில் உனக்கு ஹக்கு இல்லாமல் இருக்கலாம். காய்ச்சல் வந்த இரவுகளில் உன்னைத் தோளில் போட்டுக் கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவர்தான். அழுவதற்கு எந்தப் பத்திரமும் வேண்டாம். துஆ கேட்பதற்கும் வேண்டாம்.”

அன்றுதான் அவள் வாப்பாவுக்காக முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். உம்மா ஓடி வந்தார். நான் எழுந்து வெளியே வந்து விட்டேன்.

இதை வாசிக்கும் வீடுகளில் இன்னும் சொல்லப்படாத உண்மையை நெஞ்சில் வைத்திருக்கும் தாய் ஒருத்தியாவது இருப்பாள். சகோதரியே, அது உன் ரகசியமல்ல, உன் பிள்ளையின் சொத்து. மௌத்து வீட்டில் வேறொருவர் எடுத்துக் கொடுக்கும் முன், உன் கையாலேயே கொடுத்து விடு. அல்லாஹ் உன் நாவுக்கு இலகுவைத் தருவானாக!